மாடு ஏன் நின்றுகொண்டே இருக்கிறது?

கறவை மாடு வைத்திருக்கும் யாரிடமும் "எத்தனை லிட்டர் கறக்கிறது" என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படுக்கிறது" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் யோசிப்பார்கள். மாடுகளின் நலம் பற்றிய ஆராய்ச்சிகளைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகு, என் கொட்டகையில் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலைத்தான். இடம் சரியாக இருந்தால் கறவை மாடு நாளில் பாதி நேரம், அதாவது 12 மணி நேரமோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ, படுத்துதான் இருக்கும். தின்பதற்கும் படுப்பதற்கும் கிடைக்கும் மொத்த நேரத்தைக் குறைத்தால் மாடு எதை விட்டுக்கொடுக்கும் என்று 2005-இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மாடு தீனி நேரத்தைக் குறைத்துக்கொண்டது, படுக்கும் நேரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கும் ஒரு பிராணி தீனியை விட்டுவிட்டுப் படுக்கப் போகிறது என்றால், படுக்கை அதற்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

இந்தத் துறை எனக்குப் பிடித்துப் போனதே அவர்கள் கேள்வி கேட்கும் விதத்தால்தான். மாட்டுக்கு இது பிடிக்கும், அது பிடிக்காது என்று நாம் ஆயிரம் சொல்லலாம், ஆனால் அதை மாட்டிடமே கேட்க முடியும் என்று இவர்கள் காட்டுகிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விலங்கு நலத்துக்கென்றே ஒரு குழு இருக்கிறது, மரினா வான் கைசர்லிங், டான் வியரி போன்றவர்கள் நடத்துவது. அவர்கள் ஒரு கதவில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார்கள். கதவைத் தள்ளினால் அந்தப் பக்கம் புல்வெளி. கறந்து முடித்த மாடு புதுத் தீவனத்துக்காக எவ்வளவு எடையைத் தள்ளுமோ, ஏறக்குறைய அவ்வளவு எடையைப் புல்வெளிக்குப் போவதற்காகவும் தள்ளியது, அதிலும் இரவில் இன்னும் ஆசையாக. 2017-இல் வெளிவந்த ஆய்வு அது. அடுத்த ஆண்டே இன்னொன்று, இந்த முறை கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது உடம்பைச் சொறிந்துகொள்ளச் சுழலும் தூரிகை. அதற்கும் தீவனத்துக்குச் சமமாகத் தள்ளியது. அதைப் படித்த பிறகுதான் எங்கள் கொட்டகைத் தூணில் மாட்டின் முதுகு உயரத்துக்கும் கழுத்து உயரத்துக்கும் கெட்டியான தெரு துடைக்கும் தூரிகைத் தலைகளை வரிசையாக அடித்து வைத்தேன். சுழலும் இயந்திரம் வாங்க எல்லோராலும் முடியாது, நகராத தூரிகைக்கே மாடுகள் முறை வைத்து வந்து நிற்கின்றன. முதுகும் வால் அடியும் தலையும்தான் அவை அதிகம் தேய்க்கும் இடங்கள், அதாவது நாக்கு எட்டாத இடங்கள்.

சரி, படுக்கைக்கு வருவோம். கறவை முடிந்து, தின்று, தண்ணீர் குடித்து ஓர் இரண்டு மணி நேரம் ஆன பிறகு சத்தம் போடாமல் கொட்டகைக்குப் போய் நில்லுங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலான மாடுகள் படுத்து அசை போட வேண்டும். பாதி மாடு சும்மா நின்றுகொண்டிருந்தால், அதிலும் முன்னங்கால் மேடையிலும் பின்னங்கால் சாணக் கால்வாயிலுமாகச் சாய்வாக நின்றுகொண்டிருந்தால், அவற்றுக்குப் படுக்க விருப்பம் இருக்கிறது, இடம்தான் சரியில்லை என்று அர்த்தம்.

எங்களிடம் ஒரு மூத்த பசு உண்டு. படுப்பதற்கு முன் அது செய்வதை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். தலையைத் தரைவரை தாழ்த்தி இடமும் வலமுமாக முகர்ந்து பார்க்கும், ஒரு முன்காலை மடக்கும், மறுபடி நிமிர்ந்துவிடும். கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி முகர்தல், மறுபடி மடக்கல், மறுபடி நிமிர்தல். கடைசியில் முழங்காலில் தொப்பென்று விழுந்து படுக்கும். மாடு படுக்கும்போது உடல் எடையில் பெரும்பங்கு முன் முழங்கால்கள் மேல் இறங்குகிறது, கடைசி ஒரு சாண் உயரம் கிட்டத்தட்ட விழுகிற மாதிரிதான். சிமெண்ட் தரையில் அப்படி விழ யாருக்குத்தான் மனம் வரும்? இதற்கு ஒரு சோதனை உண்டு, பண்ணை ஆலோசகர்கள் எல்லா நாட்டிலும் சொல்வது: மாடு படுக்கும் இடத்தில் நின்ற நிலையிலிருந்து நீங்களே முழங்காலில் விழுந்து பாருங்கள். வலித்தால் மாட்டுக்கும் வலிக்கும். எழுந்திருக்கும்போது உங்கள் கால்சட்டை முழங்கால் நனைந்திருந்தால் படுக்கை ஈரம் என்று அர்த்தம். அந்த ஈரம் சின்ன விஷயம் இல்லை. மேலே சொன்ன கனடா குழு 2007-இல் செய்த ஓர் ஆய்வில், உலர்ந்த மரத்தூள் மேல் மாடுகள் சராசரியாக 13.8 மணி நேரம் படுத்தன, அதே மரத்தூள் நனைந்திருந்தபோது 8.8 மணி நேரம்தான். மாடு அதே மாடு, இடமும் அதேதான், ஈரம் மட்டுமே ஐந்து மணி நேரத்தைத் தின்றுவிட்டது.

இதைப் படித்த பிறகு எங்கள் வேலையில் நாங்கள் மாற்றியது படுக்கையைக் கிளறும் நேரத்தை. காலையில் ஒரே தடவை வழித்துத் தள்ளுவதற்குப் பதில், ஒவ்வொரு முறையும் மாடுகள் கறவைக்குப் போயிருக்கும்போது பின்பாதியை மட்டும் வழித்து, மேலே உலர்ந்ததைத் தூவிவிடுகிறோம். மூத்திரமும் சாணமும் விழுவது பின்பாதியில்தான், மடி படுவதும் அங்கேதான். மணல் கிடைக்கிற இடத்தில் மணலே நல்லது, அதில் கிருமி அவ்வளவாகப் பெருகாது, உடம்புக்கு ஏற்றபடி குழிந்தும் கொடுக்கும். ரப்பர் பாய் போட்டிருக்கிறோம், அது போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். வெறும் பாய் சிமெண்டை விட எவ்வளவோ மேல், மறுக்கவில்லை, ஆனால் அதன் மேல் தூவல் இல்லாவிட்டால் பின்னங்கால் கணுவில் முடி உதிர்ந்து, தோல் வழுக்கையாகி, அப்புறம் வீங்கிவிடும். உங்கள் மாடுகளின் பின்னங்கால் கணுக்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போங்கள். படுக்கை எப்படி இருக்கிறது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

இன்னொன்று, எழுந்திருக்கும் விதம். மாடு முதலில் பின்பக்கத்தைத் தூக்கும், அதற்காகத் தலையையும் கழுத்தையும் முன்னால் நீட்டி உந்தும். முன்னால் சுவரோ குழாயோ கட்டையோ அந்த உந்தலைத் தடுத்தால் மாடு தடுமாறும், சில மாடுகள் குதிரையைப் போல முன்பக்கத்தை முதலில் தூக்கி எழப் பழகிவிடும். அப்படி ஒரு மாட்டைப் பார்த்தால் மாட்டை மாற்றாதீர்கள், குழாயை மாற்றுங்கள். கட்டிப்போட்டு வளர்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தை ஒருமுறை பார்க்கலாம். தலையை முன்னால் நீட்டவும், படுத்துக்கொண்டே பக்கவாட்டில் திருப்பி விலாமேல் வைத்துத் தூங்கவும் அது இடம் தருகிறதா?

படுக்கை சரியாக இருந்தும் நிற்கும் மாடு உண்டு, அங்கேதான் குளம்பு வருகிறது. நொண்டல் பற்றி நான் படித்தவற்றில் மனதைத் தைத்தது ஒன்றுதான்: பண்ணைக்காரர்கள் தங்கள் மந்தையில் எத்தனை மாடு நொண்டுகிறது என்று சொல்லும் எண்ணிக்கை, பயிற்சி பெற்றவர் வந்து எண்ணும்போது மூன்று நான்கு மடங்காக ஆகிறது. வேறு வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளிலும் இதே கதைதான். இதற்குக் காரணம் அக்கறை இல்லாமை என்று நான் நினைக்கவில்லை. தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெல்ல மெல்ல வரும் மாற்றம் தெரிவதில்லை, தவிர மாடு வலியை மறைக்கிற பிராணி. காலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வரை காத்திருந்தால் அது மிகவும் தாமதம்.

எதைப் பார்க்க வேண்டும்? முதுகு. 1997-இல் ஸ்ப்ரெச்சர் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் எளிய முறை ஒன்றைக் கொடுத்தார்கள். நிற்கும்போதும் நடக்கும்போதும் முதுகு நேராக இருந்தால் ஒன்று. நிற்கும்போது நேராக, நடக்கும்போது வில்லாக வளைந்தால் இரண்டு. இரண்டிலும் வளைந்தால் மூன்று, அதற்கு மேல் நொண்டல் வெளிப்படையாகவே தெரியும். அந்த இரண்டும் மூன்றும்தான் நம் கண்ணுக்குத் தப்புகிறவை. மாடுகள் கறவை முடிந்து வெளியே வரும் வழியில், தட்டையான உறுதியான தரையில், பக்கவாட்டில் நின்றுகொண்டு நான் பார்க்கிறேன். ஓட்டுகிற ஆள் ஓட்டக் கூடாது, அவை தம் போக்கில் வர வேண்டும். முதுகோடு தலையையும் பாருங்கள், வலிப்பது முன்னங்கால் என்றால் அது தரையைத் தொடும்போது தலை மேலே எழும்பும்.

கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்பதிலும் ஆராய்ச்சி பழைய பழக்கத்தை மாற்றியிருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக நொண்டத் தொடங்கிய மாடுகளுக்குக் குளம்பைச் சீவிவிடுவது மட்டும், சீவி நல்ல நகத்தில் கட்டை ஒட்டுவது, சீவி வலி நிவாரணி கொடுப்பது, மூன்றையும் சேர்த்துச் செய்வது என்று பிரித்துப் பார்த்தார்கள். மூன்றும் சேர்ந்தபோதுதான் அதிக மாடுகள் நன்றாக நடந்தன. கட்டை எதற்கென்றால், புண்பட்ட நகம் தரையைத் தொடாமல் ஓய்வெடுக்க. நான் குளம்பு சீவுபவரிடம் இப்போது கட்டையைக் கேட்டு வாங்குகிறேன், மருத்துவரிடம் வலி மருந்தையும் கேட்கிறேன். மாட்டுக்கு எதற்கு வலி மருந்து என்று கேட்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, வலியில் இருக்கிற மாடு தீவனத் தொட்டிக்கு நடக்காது, நடக்காத மாடு மெலியும். மெலிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்த ஆய்வு பதில் சொல்கிறது: குளம்புக்குள் எலும்புக்கு அடியில் கொழுப்பால் ஆன ஒரு மெத்தை இருக்கிறது, உடல் மெலிந்த மாடுகளில் அது மெல்லியதாக இருந்தது, மெல்லியதாக இருந்தவற்றில்தான் அடிப்பாதப் புண் அதிகம். நொண்டி மெலிகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம், மெலிந்தும் நொண்டுகிறது. அதனால் கன்று ஈன்ற முதல் இரண்டு மாதங்களில் உடல் இறங்காமல் பார்த்துக்கொள்வது குளம்புக்கான வைத்தியமும்தான்.

வெயில் காலத்தில் நிற்பதற்குக் காரணம் வேறு. நின்றால் உடம்பின் எல்லாப் பக்கமும் காற்றுப் படும், அதனால் சூடு ஏறிய மாடு படுக்காது. நியூசிலாந்தில் ஒரு சோதனை: 12 மணி நேரம் படுக்க விடாமல் வைத்த மாடுகளுக்கு, நிழலில் நிற்பதா வெயிலில் படுப்பதா என்று தேர்வு கொடுத்தார்கள். அவ்வளவு களைப்பிலும் நிழலைத்தான் அதிகம் தேர்ந்தெடுத்தன. அதிகப் பால் தரும் மாடுகள் நாம் நினைப்பதற்கு முன்பே சூட்டை உணர்கின்றன, நமக்கு இதமாகத் தோன்றும் வெப்பநிலையிலேயே அவற்றுக்குச் சிரமம் தொடங்கிவிடும். கருவி எதுவும் வேண்டாம், விலாவின் ஏற்ற இறக்கத்தைக் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குங்கள், 60-ஐத் தாண்டினால் குளிர்விக்க வேண்டிய நேரம். தண்ணீரைத் தோல்வரை நனையும்படி தெளித்து, அப்புறம் நிறுத்திவிட்டு விசிறியால் உலர்த்துங்கள். காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகமென்றால் மெல்லிய பனித்தூறல் மாதிரித் தெளிப்பதில் பயன் குறைவு, காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். இதில் பலரும் விட்டுவிடுவது பால் வற்றிய சினைமாடுகளை. பால் இல்லையே என்று கொட்டகையின் மோசமான மூலையில் கட்டிவிடுகிறோம். புளோரிடா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகள், அந்தக் கடைசி வாரங்களில் சூட்டில் தவித்த மாடுகள் அடுத்த ஈற்றில் குறைவாகக் கறந்தன, அவற்றின் கன்றுகள் எடை குறைந்து பிறந்தன, அந்தக் கிடேரிகள் வளர்ந்து கறவைக்கு வந்தபோதும் பால் குறைவாகவே தந்தன என்று காட்டுகின்றன. நல்ல விசிறியை முதலில் சினைமாட்டுக்கு வையுங்கள்.

அப்புறம் நாம். ஆளைப் பார்த்தாலே ஒதுங்கும் மாடு நிம்மதியாகப் படுக்காது. 1999-இல் வந்த ஓர் ஆய்வில், தன்னைக் கடுமையாக நடத்திய ஆள் கறக்கும்போது பக்கத்தில் சும்மா நின்றாலே மடியில் தங்கிவிடும் மீதிப்பால் கூடியது. பயத்தில் பால் இறங்காது என்பதை முந்தைய தலைமுறையே அறிந்திருந்தது, ஆராய்ச்சி அதை அளந்து கொடுத்தது, அவ்வளவுதான். மாட்டுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடும் பண்ணைகளில் பால் ஆண்டுக்கு 258 லிட்டர் அதிகம் என்று 2009-இல் நியூகாசில் பல்கலைக்கழகக் கணக்கெடுப்பு ஒன்று சொன்னது. பெயரே பாலைக் கூட்டிவிடும் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது, பெயர் வைக்கிற ஆள் அந்த மாட்டை வேறு விதமாகவும் பார்த்துக்கொள்கிறார் என்பதுதான் விஷயம். எங்கள் இடத்தில் குச்சி எடுப்பதை நிறுத்தினோம். மாடு தயங்கி நின்றால் அது எதைப் பார்த்து நிற்கிறது என்று பார்ப்போம், பெரும்பாலும் தரையில் ஒரு நிழல்கோடோ பளபளக்கும் தண்ணீரோ தொங்கும் சங்கிலியோ இருக்கும். அதை எடுத்துவிட்டால் தானே நடக்கும்.

கன்றுகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. சீம்பால் விஷயம் எல்லோருக்கும் தெரியும், பிறந்த சில மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும், ஒரு நாள் கடந்தால் குடல் அந்த எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சாது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, கொம்பு வளராமலிருக்கக் கொம்புக் குருத்தைச் சுடுவதைப் பற்றி. 2013-இல் வந்த கனடா ஆய்வு ஒன்றில் கன்றுகளுக்குத் திரையின் நிறம் பார்த்துப் பால் கிடைக்குமா கிடைக்காதா என்று கண்டுகொள்ளப் பழக்கியிருந்தார்கள். சூடு வைத்த பிறகு, இரண்டுக்கும் நடுவிலான நிறத்தைக் காட்டியபோது, முன்பு நம்பிப் போய்த் தொட்ட கன்றுகள் போகத் தயங்கின. மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தும் இந்த நிலை, ஏனென்றால் அந்த ஊசி சில மணி நேரத்தில் தெளிந்துவிடும், புண்ணோ வாரக்கணக்கில் ஆறுகிறது. சுட்டே ஆக வேண்டுமென்றால் மரத்துப்போகும் ஊசி, அதோடு மெலாக்சிகம் போன்ற நீடித்த வலி நிவாரணி, இரண்டையும் மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் இல்லாமல் செய்கிற ஆளை என் கன்றுக்கு அருகில் விடமாட்டேன். முடிந்தால் கொம்பில்லாமல் பிறக்கும் மரபுள்ள காளையின் சினை ஊசியைத் தேர்ந்தெடுக்கலாம், அப்போது பெரும்பாலும் இந்த வேலையே வராது.

கன்றைத் தனியாக அடைப்பதையும் விட்டுவிடலாம். இதே மாதிரி நிறம் பார்த்துப் பாலைக் கண்டுகொள்ளப் பழக்கிய ஆய்வில், தனியாக வளர்ந்த கன்றுகள் பாடத்தின் விதி மாறியதும் தடுமாறின, ஜோடியாக வளர்ந்தவை சீக்கிரம் பிடித்துக்கொண்டன, அடர்தீவனத்தையும் முன்பே தின்னத் தொடங்கின. பாலைப் போதுமான அளவு கொடுத்து, காம்புள்ள வாளியில் கொடுத்தால், ஜோடியில் ஒன்றையொன்று சூப்பும் தொல்லையும் வெகுவாகக் குறையும்.

தாயிடமிருந்து கன்றை உடனே பிரிப்பதா வேண்டாமா என்பதுதான் இப்போது பெரிய விவாதம். பிரித்தால்தான் நோய் வராது என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டது. 2019-இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, அந்த வாதத்துக்குச் சீரான ஆதாரம் இல்லை என்று தெரிந்தது, தாயோடு விட்ட கன்றுகள் பல ஆய்வுகளில் நன்றாக எடை கூடின. விற்கும் பால் அந்தக் காலத்தில் குறையும், அதை மறைக்க வேண்டாம். நாங்கள் பகலில் தாயோடு விட்டு, இரவில் பக்கத்துத் தடுப்பில், ஒன்றையொன்று பார்க்கவும் நக்கவும் முடிகிற மாதிரிக் கட்டுகிறோம், காலையில் கறந்த பிறகு மறுபடி விடுகிறோம். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பால் மறக்கடிப்பதையும் தாயைப் பிரிப்பதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். முதலில் தடுப்புக்கு அப்பால் தாய் இருக்கும்போதே ஊட்டுவதை நிறுத்தி, கன்று தீவனத்தை நன்றாகத் தின்கிறது என்று உறுதியான பிறகு இடம் மாற்றினால், இரண்டின் கத்தலும் அலைச்சலும் கண்கூடாகக் குறைகிறது.